ஒரு வேளைக்கு முப்பது கிராம்

சனிக்கிழமை மாலை, சூப்பர் மார்க்கெட்டின் ஏழாம் வரிசையில், காலைத் தானிய உணவுகள் அடுக்கியிருந்த அலமாரியின் முன்னால் நானும் என் கணவரும் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் நின்றோம். ஒரு பெட்டியை எடுத்துத் தள்ளுவண்டியில் போடுவதற்கு அவ்வளவு நேரம் எதற்கு என்று கேட்டால், கேட்பது நியாயமே. மூன்று மாதங்களுக்கு முன்பு இதே அலமாரியின் முன்னால் நான் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. அதற்கும் சேர்த்துத்தான் அன்று நிற்க நேர்ந்தது.

என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். நாற்பது மீட்டர் உயரத்தில், ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் அமர்ந்து, கப்பலிலிருந்து இரும்புப் பெட்டகங்களை எடுத்து லாரிகளின் மேல் அலுங்காமல் வைப்பார். பத்தொன்பது ஆண்டுகளாக அவருக்கு நான்காம் எண் கிரேன். ஆண்டுதோறும் நடக்கும் மருத்துவப் பரிசோதனையில் இம்முறை அவர் இரத்தத்தில் சர்க்கரை கூடுதல் என்று வந்தது. மூன்று மாதச் சராசரி ஏழு புள்ளி எட்டு. ஏழரைக்குக் கீழே இருந்தால்தான் மேலே ஏற அனுமதி என்பது அவர்கள் நிறுவனத்தின் விதி. உணவைத் திருத்திக்கொள்ள மூன்று மாதம் அவகாசம் கொடுத்தார்கள். அந்த அவகாசம் முடிந்து, அன்று காலைதான் புதிய எண் வந்திருந்தது. எட்டு புள்ளி இரண்டு.

"இன்னொரு மூணு மாசம் தர்றேன். அப்பவும் ஏழரைக்குக் கீழ வரலன்னா, நீங்க கீழ வந்துருங்க" என்று நிறுவனத்து மருத்துவர் சொல்லிவிட்டாராம். கீழே என்றால் வாயிற்கதவருகே ஒரு மேசை. வருகிற போகிற லாரிகளின் எண்களை எழுத வேண்டும். முன்பொரு முறை கால் சுளுக்கியபோது இவரை ஒரு வாரம் அங்கே உட்கார வைத்தார்கள். அந்த வாரம் முழுவதும் வீட்டில் உப்போ உறைப்போ கேட்பதற்குத்தான் வாய் திறந்தார்.

என் பணியையும் இங்கே சொல்லிவிடுவது நல்லது. உணவுப் பொட்டலங்களுக்கும் மருந்துப் பெட்டிகளுக்கும் லேபிள் அச்சடிக்கும் அச்சகமொன்றில் பதினோரு ஆண்டுகளாகப் பிழை திருத்துகிறேன். எங்கள் மேசைக்கு இருவர். வாடிக்கையாளர் அனுப்பிய மூலப் பிரதியை ஒருவர் உரக்கப் படிப்பார். மற்றவர் அச்சுப் பிரதியில் ஒவ்வோர் எழுத்தாகப் பென்சிலால் தொட்டுக்கொண்டே வருவார். எனக்குப் படிப்பவரை அச்சகத்தில் எல்லாரும் 'வானொலி' என்றே அழைப்பார்கள். எண்களை மட்டும் நாங்கள் வலமிருந்து இடமாகப் படிப்போம். இடமிருந்து படித்தால் பொருள் புரிந்துவிடும். பொருள் புரிந்தால் கண் தானாக ஒன்றை நிரப்பிக்கொண்டு நகர்ந்துவிடும். "புரிஞ்சுதுன்னா போச்சு" என்பது வானொலி அண்ணன் முதல் நாளே எனக்குச் சொன்ன பாடம். அதன்படி நடந்து, இந்தப் பதினோரு ஆண்டுகளில் ஒரு தசமப் புள்ளியைக்கூட நான் தவறவிட்டதில்லை என்று சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் கூச்சமாக இருந்தாலும், உண்மை அதுதான்.

ஆகவே, மூன்று மாதங்களுக்கு முன்பு இவருக்கு நல்ல காலை உணவாக ஒன்றைத் தேர்ந்தெடுக்க வந்தபோது, நான் நேராகப் போய் எடுத்தது தேன் கலந்த முழுத்தானிய ஃப்ளேக்ஸ். பெட்டியின் முகப்பில் ஒரு சிவப்பு இதயமும் கோதுமைக் கதிரும் இருக்கும். அதன் லேபிளை நான்கு முறை மறுபதிப்புக்காகச் சரிபார்த்தவள் நான்.

"இதுல ஒரு தப்புகூட கிடையாதுங்க. நானே பாத்தது" என்று அன்று இவரிடம் சொன்னேன்.

அந்தச் சொல்லை இவர் துறைமுகம் முழுக்கக் கொண்டுபோனார். "என் வீட்டுக்காரி பாஸ் பண்ணின பெட்டிய்யா" என்று சொல்லிச் சொல்லி, ஆறாம் எண் கிரேன்காரரையும், கீழே நின்று கைகாட்டும் சிக்னல்காரரையும் அதையே வாங்க வைத்திருந்தார்.

இப்போது இவர் பழக்கத்தில் அதே பெட்டியில் இரண்டை எடுத்து வண்டியில் போட்டார். நான் இரண்டையும் திரும்ப எடுத்தேன்.

"ஏம்மா?"

"கொஞ்சம் இருங்க. இன்னிக்கு வேற ஏதாவது இருக்கான்னு பாக்கலாம்."

"நம்ம பெட்டி இருக்கறப்ப வேற எதுக்கு?"

ஒவ்வொரு பெட்டியாக எடுத்தேன், வைத்தேன், மறுபடி எடுத்தேன். ஒன்றில் பச்சை இலை. ஒன்றில் இடுப்பில் அளவு நாடா சுற்றிய ஒரு பெண். ஒன்றில் ஓடுகிற ஒரு தந்தையும் மகளும். இவற்றில் மூன்று எங்கள் அச்சகத்தில் அச்சானவை. அவற்றில் ஒரு காற்புள்ளியும் பிசகவில்லை என்று எங்கேயும் சத்தியம் செய்வேன். ஆனால் இவற்றில் எது என் கணவரைக் கூண்டிலேயே உட்கார வைக்கும், எது கீழே இறக்கிவிடும் என்பது எனக்குத் தெரியவில்லை. உள்ளங்கை வியர்த்து, அட்டையில் விரல் தடம் பதிந்தது. அதைப் புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டு வைத்தேன்.

"பெட்டிகளை இப்படி மொறைச்சுப் பாத்தா, அதுங்க பயந்து தானா வண்டிக்குள்ள ஏறிக்கும்" என்றார் இவர். சிரிக்க வைக்கத்தான் சொன்னார். அவர் கால் மட்டும் தள்ளுவண்டியின் சக்கரத்தை முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டேயிருந்தது.

அந்த நேரத்தில் என் நாத்தனார் தொலைபேசியில் அழைத்தார். மருத்துவமனைப் பரிசோதனைக்கூடத்தில் வேலை. இவருடைய இரத்தம் அவருடைய மேசையைத் தாண்டித்தான் போகிறது. குரல் எப்போதும் கொஞ்சம் உயரம். கைப்பேசியைக் காதிலிருந்து இரண்டு விரல் தள்ளித்தான் பிடிக்க வேண்டும்.

"அண்ணி, எட்டு புள்ளி ரெண்டு! பாத்தீங்களா? எனக்குக் கையே ஓடல."

"பாத்தேம்மா."

"அண்ணன் வெளியில எங்கயோ திருட்டுத்தனமா சாப்பிடறார். நான் பந்தயம் கட்டறேன். வீட்டுல தப்பு நடக்க வாய்ப்பே இல்ல. நீங்க ஒரு கமாவையே விடமாட்டீங்க, சர்க்கரையை விடுவீங்களா? பக்கத்துல இருக்காரா? அவர்கிட்ட கேளுங்க. முழிக்கறதைப் பாத்தாலே தெரிஞ்சிடும்."

கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. வரிசையின் மறுமுனை வரை கேட்டிருக்கும். நான் கைப்பேசியைப் பைக்குள் வைத்தபோது இவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புதன்கிழமை புதன்கிழமை" என்று தொடங்கினார். "கேன்டீன்ல ஒரு பன் போடுவான். க்ரீம் வச்சது. அதுல பாதிதான்."

"மீதி?"

"மீதிய மேல எடுத்துட்டுப் போயிடுவேன்."

"அப்ப முழுசு."

"ரெண்டு தடவையா." ஐம்பது வயதை நெருங்கும் மனிதர், கழுத்தைச் சொறிந்துகொண்டு நின்றார். "மூணு மாசமா உன்கிட்ட மறைச்சேன். டீல சர்க்கரையை நிறுத்தினேன், ஸ்வீட்டை நிறுத்தினேன், உன் பெட்டிய வேளை தவறாம சாப்பிட்டேன். இந்தப் பன்னுதான் எல்லாத்தையும் கெடுத்துடுச்சு."

அப்போது எனக்குள் என்ன நடந்தது என்பதை எழுதத்தான் வேண்டும். எனக்கு நிம்மதியாக இருந்தது. பழி ஒரு பன்னின் மேல் போய் உட்கார்ந்துகொண்டது, பெட்டி தப்பித்தது, நானும் தப்பித்தேன். கையிலிருந்த இதயப் பெட்டியைத் திரும்ப வண்டியில் வைக்கவும் குனிந்தேன்.

"இரு. நானும் இன்னிக்கு ஒழுங்கா படிச்சுப் பாக்கறேன். எதையும் பாக்காம திங்கற புத்தியாலதான் இந்த நிலைமை" என்று இவர் அதை வாங்கிக்கொண்டார். எழுத்து பொடியாக இருந்ததால் என் கைப்பையிலிருந்த லென்ஸைக் கேட்டார். அச்சகத்தில் நாங்கள் பயன்படுத்தும் சிறிய வட்ட லென்ஸ் அது. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, பெட்டியை மூக்கருகே வைத்து, பள்ளிக்கூடப் பிள்ளையைப் போல இடமிருந்து வலமாக, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்.

"ஒரு வேளை அளவு, முப்பது கிராம். இந்தப் பெட்டியில், பதினஞ்சு வேளை. ஒரு வேளைக்குச் சர்க்கரை, ஏழு புள்ளி ரெண்டு கிராம்."

'இரண்டு, புள்ளி, ஏழு' என்று என் காதுக்குள் வானொலி அண்ணன் குரல் அதையே திருப்பிப் படித்தது. சரியாக இருக்கிறது என்று என் விரல் காற்றில் ஒரு கோடு போட்டது.

"பதினஞ்சு வேளையா?" என்றார் இவர். "நம்ம வீட்டுல இது மூணாம் நாள் காலையிலயே தீந்துடுதே. எலி ஏதாவது பங்குக்கு வருதா?" என்று சிரித்துவிட்டு, லென்ஸை என் கையில் கொடுத்தார். "நான் போய்ப் பால் எடுத்துட்டு வர்றேன்."

அவர் வரிசையைத் தாண்டித் திரும்பும் வரை நான் அசையவில்லை.

காலையில் ஒரு கிண்ணம். உடம்புக்கு நல்லது என்று நானே சொன்னதால் வேலை முடிந்து வந்ததும் இன்னொரு கிண்ணம். மூன்றாம் நாள் காலையோடு பெட்டி காலி. ஐந்து கிண்ணம். பதினைந்து வேளையை ஐந்து கிண்ணத்தில் தீர்த்தால், ஒரு கிண்ணம் மூன்று வேளை. ஏழு புள்ளி இரண்டை மூன்றால் பெருக்கினேன். அதை இரண்டால் பெருக்கினேன். நாற்பத்து மூன்று கிராம். ஒரு தேக்கரண்டிச் சர்க்கரை நான்கு கிராம் என்று உணவு ஆலோசகர் கொடுத்த தாள் எங்கள் குளிர்பதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கிறது. அதிலும் ஓர் எழுத்துப் பிழையை நான் பேனாவால் திருத்தியிருக்கிறேன். நாற்பத்து மூன்றை நான்கால் வகுத்தேன்.

பத்துக் கரண்டிக்கு மேல். ஒரு நாளைக்கு.

இவர் ஒரு நாளைக்கு நான்கு டீ குடிப்பவர். டீக்கு இரண்டு கரண்டி. எட்டுக் கரண்டியை விட்டுவிட்டுப் பத்துக் கரண்டியைச் சாப்பிட்டிருக்கிறார். அந்த முப்பதை நான் நான்கு பதிப்புகளில் பென்சிலால் தொட்டிருக்கிறேன். பூஜ்யத்தைத் தொட்டு, பிறகு மூன்றைத் தொட்டு, கோடு போட்டிருக்கிறேன்.

அருகில் கடைப் பணியாளர் ஒருவர் அலமாரியில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் நிற்கும் நிலையைக் கண்டு, "என்னக்கா, மயக்கமா வருதா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. ஒண்ணு கேக்கலாமா? தவறா நினைக்காதீங்க. இந்த முப்பது கிராமை யாராவது சாப்பிடுவாங்களா?"

அவர் பெட்டியைப் பார்த்தார். "முப்பதா? என் வீட்டுச் சின்னது அதைக் கீழ சிந்தும்க்கா."

சொல்லாமலும் இருந்துவிடலாம். வேறொரு பெட்டியை மாற்றி வாங்கினால் போதும். "பன்னை நிறுத்துங்க, இதைச் சாப்பிட்டுப் பாருங்க" என்றால் எல்லாம் முடிந்தது. எண் குறைந்தால் அது பன்னை விட்டதால் குறைந்ததாகவே இருக்கும். நாத்தனாரிடமும் அப்படியே போய்ச் சேரும். நான் பெட்டியை அலமாரியில் வைத்தேன். மறுபடி எடுத்தேன். எத்தனை முறை வைத்து எடுத்தேன் என்று அந்தப் பணியாளர்தான் சொல்ல வேண்டும்.

இவர் இரண்டு பால் பொட்டலங்களுடன் வேகமாக வந்தார். வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருக்கிறார் என்பது முகத்தில் தெரிந்தது.

"இந்தா பாரு, இனிமே பன்னைத் தொட்டா நான் மனுசனே இல்ல. நீ எவ்வளவு பாத்துப் பாத்துச் செஞ்ச! என் தங்கச்சி முன்னால உன்னைத் தலைகுனிய வச்சுட்டேன்."

அதற்குமேல் என்னால் பொறுக்க முடியவில்லை.

"ஏங்க, கொஞ்சம் அந்தப் பக்கம் வாங்க."

வரிசையின் கோடியில் ஓட்ஸ், பருப்பு, பயறு முதலியவற்றைப் பெரிய கண்ணாடிக் கலங்களில் வைத்து, வேண்டிய அளவு அள்ளிக்கொள்ளும்படி விட்டிருந்தார்கள். பக்கத்தில் ஓர் எடை இயந்திரம். ஃப்ளேக்ஸ் இருந்த கலத்தைக் காட்டி, வீட்டில் கிண்ணத்தில் போடுவது போலவே ஒரு பையில் போடச் சொன்னேன். இவர் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டு, கரண்டியால் அள்ளிப் போட்டு, கையால் ஒருமுறை தூக்கிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் சேர்த்தார். எடை தெரியாத பாரத்தை அவர் தூக்குவதில்லை.

இயந்திரத்தில் தொண்ணூற்றிரண்டு என்று வந்தது.

"சரி, அதுக்கு என்ன?"

"பன் இல்லங்க. பெட்டிதான்." குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடியும் சொன்னேன். கிண்ணத்தையும் வேளையையும் கரண்டியையும் கணக்குப் போட்டுக் காட்டினேன். நான் சொல்லி முடிக்கும்வரை இவர் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ பாத்த பெட்டிதானே?"

"பாத்தேங்க." கையிலிருந்த லென்ஸைக் கைப்பைக்குள் போட்டேன். "படிக்கல."

எடை இயந்திரத்தின் எண் அணைந்தது. பிறகு மெதுவாக, "சர்க்கரை இல்லாத டீ. மூணு மாசம். பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி. கண்ணை மூடிக்கிட்டுக் குடிச்சேன்" என்றார்.

"தெரியுங்க."

"அந்த ஒரு பன்னுக்கு நான் எத்தனை ராத்திரி தூங்கல, தெரியுமா?"

அது தெரியாது. வண்டியைத் திருப்பி உருட்டிக்கொண்டு போய்விட்டார். சக்கரம் ஒன்று கிறீச்சிடும் ஒலி அடுத்த வரிசைக்குப் போய், அதற்கும் அப்பால் போய், நின்றது. நான் அந்தப் பையை என்ன செய்வது என்று தெரியாமல் பிடித்துக்கொண்டு நின்றேன். அள்ளியதைத் திரும்பக் கலத்தில் கொட்டக் கூடாது என்று ஓர் அறிவிப்பு இருந்தது. அந்த நிலையிலும் அதில் ஓர் ஒற்று விடுபட்டிருப்பது என் கண்ணில் பட்டது.

சற்று நேரம் கழித்து அலமாரிக்கு அப்பாலிருந்து இவருடைய குரல் கேட்டது. யாரையோ தொலைபேசியில் அழைத்திருந்தார்.

"யோவ் சிக்னலு, வீட்டுல அந்த இதயம் போட்ட பெட்டி இருக்குல்ல? அதை நிறுத்து. ஆமாய்யா, என் வீட்டுக்காரி பாஸ் பண்ணினதுதான். எழுத்துல பாஸ், சர்க்கரையில ஃபெயில். ஏய், சிரிக்காத. ஆறாம் நம்பர்காரனுக்கும் சொல்லிடு. யாரு கண்டுபிடிச்சதா? அவளேதான். வேற யாரு?"

கிறீச்சிடும் சக்கரம் திரும்பி வந்தது. முகத்தில் கோபம் இன்னும் முழுதாக வடியவில்லை. என் கையிலிருந்த பையை வாங்கி வண்டியில் போட்டார். "காசு குடுத்துத்தான் ஆகணும். பறவைக்குப் போடலாம். அதுங்க முப்பது கிராம்தான் திங்கும்." பிறகு கையை நீட்டினார். "லென்ஸைக் குடு. நான் படிக்கறேன், நீ கேளு. ஆனா பென்சில் புடிக்கற மாதிரி கேக்காத."

அப்படித்தான் தேர்ந்தெடுத்தோம். இவர் இடமிருந்து வலமாகப் படிப்பார். நான் ஒவ்வொரு எண்ணையும் மூன்றால் பெருக்கிச் சொல்வேன். இலை போட்ட பெட்டி போயிற்று. அளவு நாடாப் பெண் போனாள். ஓடுகிற தந்தையும் மகளும் எல்லாரையும்விட மோசம். கடைசியில், கீழ்த்தட்டின் மூலையில், படமே இல்லாத ஒரு பழுப்புப் பையை எடுத்தார்.

"சேர்மானம்: ஓட்ஸ்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான். முற்றுப்புள்ளி." பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதை அடிச்சா உங்க அச்சகத்துக்கு எப்படிக் கட்டுப்படியாகும்?"

சமையலறைக்கான சிறிய தராசு ஒன்றையும் வாங்கினோம். அடுத்த மூன்று மாதங்களும் ஒவ்வொரு காலையும் நாற்பது கிராம் ஓட்ஸ். "நாலு கிராம் கூட போடேன், கிரேன் தாங்கும்" என்று நாள்தோறும் பேரம் பேசுவார். நாத்தனாரிடம் நானே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் வாயடைத்துப் போனது என் நினைவறிய அந்த ஒரு முறைதான்.

அச்சகத்தில் என் மேசைக்கு எதிரே ஒரு சன்னல். அதன் வழியே, கூரைகளுக்கு அப்பால், துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். நான்காவது கிரேனின் கை அசைகிறதா என்று ஒரு பக்கத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொள்ளும் வழக்கம் எனக்கு வந்துவிட்டது. லேபிள்களில் 'முப்பது கிராம்' வருமிடத்தில் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்புகிறேன். "மூலத்துல அப்படித்தானேம்மா இருக்கு?" என்று வானொலி அண்ணன் கேட்பார். இருக்கிறதுதான். வாடிக்கையாளர்கள் எவரும் இதுவரை பதில் எழுதியதில்லை.

அடுத்த பரிசோதனை முடிவு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. மேலே கைப்பேசி கூடாது என்பதால் நாத்தனார் அதை எனக்கு அனுப்பினார். வானொலி அண்ணன் ஒரு பிஸ்கட் லேபிளைப் படித்துக்கொண்டிருந்தார். கைப்பேசி மேசையில் அதிர்ந்ததும் என் பென்சில் நின்றது. செய்தியில் வேறு ஒரு சொல்லும் இல்லை; எண் மட்டும்தான். பழக்கம் விடவில்லை. கண் தானாக வலது கோடிக்குப் போயிற்று.

மூன்று.

புள்ளி.

அங்கேயே நின்றுவிட்டேன். இன்னும் ஓர் இலக்கம்தான். சன்னலைப் பார்த்தேன், நான்காவது கிரேனின் கை பாதியில் ஒரு பெட்டகத்தோடு நின்றிருந்தது. காற்றாக இருக்கும், லாரி வந்து சேராமல் இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். பிறகு குனிந்து, அதை முதலிலிருந்து, இடமிருந்து வலமாக, எல்லாரும் படிப்பது போலப் படித்தேன்.

"ஏழு புள்ளி மூணு."

"இதுல அப்படி ஒண்ணும் இல்லியேம்மா" என்று வானொலி அண்ணன் மூலப் பிரதியில் தேடினார். "எந்த லேபிள்?"

"எங்க வீட்டுதுண்ணா" என்றேன். எண்ணுக்கும் ஏழரைக்கும் நடுவே வெறும் புள்ளி இரண்டுதான் இருந்தது. அதைப் பெருக்கியும் வகுத்தும் பார்த்துக்கொண்டிருந்தேன். சன்னலுக்கு வெளியே பெட்டகம் மெல்ல இறங்கத் தொடங்கியது.